கையைக் கட்டிக்கொள்ளும் வேலை

டிராம்சோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
ஆறாம் மாடியில் எட்டுக் கட்டில்களை
இரண்டு வாரத்துக்கு மாணவர்களிடம் விட்டிருக்கிறார்கள்.
எனக்குக் கொடுத்த வேலை
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.
இதற்குச் சம்பளமும் உண்டு.

இருபது வருடம் நர்ஸாக இருந்த கை.
சரிந்த தலையணையைக் கண்டால் தானாக நீளும்.
அதைச் சட்டைப்பைக்குள் போட்டு
சாவிக்கொத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் கட்டிலில் இங்கா-மாரெட்.
பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்.
ஊர்ச் சாலையெல்லாம் வழித்துவிட்டு வந்து
தன் வீட்டு வாசலில் சறுக்கித்
தொடையெலும்பை முறித்துக்கொண்டவர்.
முதலில் வந்தவளிடம் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.
இரண்டாவதாக வந்தவளிடம் சுருக்கமாக.
மூன்றாவதாக எஸ்கில் வந்தபோது
"எத்தனை தடவைதான் விழுவது நான்?
நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டீர்களா,
ஏதாவது சண்டையா?"

சண்டை இல்லை.
சண்டை போடும் அளவுக்குப் பழக்கமில்லை.
ஒரே பல்கலைக்கழகம், ஒரே பஸ்,
ஒரே கேன்டீனில் வேறு வேறு மேசை.

செவ்வாய்க்கிழமை
நர்சிங் படிக்கும் டூவா எழுதினாள்:
காலை ரொட்டி வேண்டாம் என்றார்.
மருத்துவம் படிக்கும் எஸ்கில்:
ரத்த அழுத்தம் தொண்ணூற்றெட்டுக்கு அறுபது. கவனிக்கவும்.
யார் கவனிக்க என்று எழுதவில்லை.
பிசியோதெரபி யோருன்:
நிற்க மறுக்கிறார். ஒத்துழைப்பு குறைவு.
ஒரே தலைசுற்றல்
மூன்று நோட்டில் மூன்று பெயரோடு படுத்திருந்தது.
மருந்தியல் படிக்கும் ஹெட்விக்
கட்டில் பக்கம் வந்ததே இல்லை.
அவள் கையில் இருந்தது மாத்திரைப் பட்டியல்.
பட்டியலுக்குத் தலை சுற்றாது.

மூன்றையும் நான் படித்தேன்.
சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்தது.

புதன், எட்டரை மணி.
வாக்கரைப் பிடித்து எழுந்தவர் முகம்
சுண்ணாம்பாய் வெளுத்தது.
எஸ்கில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடினான்,
டூவா தண்ணீரை எடுக்க ஓடினாள்,
யோருன் வாக்கரைப் பிடித்தாள், இறுக்கமாக, வாக்கரை.
ஆளைப் பிடித்தது
சட்டைப்பையிலிருந்து வந்த என் கை.

பிறகு சின்ன அறையில் நால்வரும்.
நான் என் பங்கைச் செய்தேன் என்றது ஒரு குரல்.
நானும்தான் என்றது இன்னொன்று.
அப்புறம் காபி இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
ஹெட்விக் கேட்டாள், ஏதோ பஸ் நேரம் கேட்பவள் போல:
"அவரை எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள்?"
"எட்டரை."
"அழுத்த மாத்திரை எட்டு மணிக்கு."
"வெறும் வயிற்றில்," என்றாள் டூவா மெல்ல.
எஸ்கிலின் காது சிவந்தது.
யோருன் "ஒத்துழைப்பு குறைவு" என்பதை அடித்தாள்.
பேனா தாளைக் கிழித்தது.

எஸ்கில் என் பக்கம் திரும்பினான்.
"உங்களுக்கு நேற்றே தெரியுமா?"
தெரியும்.
"சொல்லியிருக்கலாமே."
அதற்குப் பாடத்திட்டத்தில் அழகான பதில் ஒன்று இருக்கிறது.
எழுதியதில் எனக்கும் பங்குண்டு.
அன்று அது வாயில் வரவில்லை.
ஒரு நாள் பொறுத்தது பாடத்துக்காகவா,
இல்லை அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கும் ஆசையா,
இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை
டாக்டர் கையெழுத்தோடு மாத்திரை இரவுக்குப் போனது.
எழுந்து நிற்பது பதினோரு மணிக்கு.
சொல்லப் போனவள் ஹெட்விக்.
கட்டிலருகே நின்று பெயரைச் சொல்லிவிட்டு
அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்
போர்வையின் ஓரத்தை நீவினாள்.

ஜன்னலில் அந்த நேரத்துக்கே உரிய நீலம்,
சூரியன் அடிவானத்துக்குக் கீழே புரண்டு படுக்கும் வெளிச்சம்.
இங்கா-மாரெட் நின்றார்.
கீழே மஞ்சள் விளக்கு சுழலும் லாரி.
"பாருங்கள் அந்தப் பயலை,
தகட்டைத் தூக்கிப் பிடிக்கிறான்,
ஓரத்துப் பனி அப்படியே நிற்கிறது."
"எப்படிப் பிடிக்க வேண்டும்?" என்றான் எஸ்கில்.
வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து
சாய்த்துக் காட்டினார், இப்படி, இல்லை, இன்னும் கீழே.
டூவாவின் கை அவர் முதுகுக்குப் பின்னால்
தொடாமல் காத்திருந்தது.
யோருன் உதட்டுக்குள்
நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.